பிளாஸ்டிக் புழுவுக்கு மயங்கும் பாஸ் மீன்

நம் சங்கத்து உறுப்பினர்களில் அமெரிக்காவுக்குப் போய் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஐந்தாறு மாதம் இருந்துவிட்டு வந்தவர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். பொங்கல் விழாவிலோ நவராத்திரிக் கொலுவிலோ அவர்களைச் சந்தித்தால் சொல்வது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். "ஊர் பிரமாதம் சார், ரோடு பிரமாதம். ஆனா பகல் பொழுதுதான் நகர மாட்டேங்குது!" பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரன் பேத்திகள் பள்ளிக்கூடத்துக்கு. தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது. கார் ஓட்டாதவர்களுக்கு வாசல்படிதான் எல்லை.

அப்படிப் போய் வந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் எனக்குப் பொழுது போயிற்று. எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மீன் பிடிக்கிற விஷயம் என்பதால் சைவ அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். அவர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுக்குப் பின்னால் வருகிறேன்.

2023 மார்ச் மாதம் நானும் என் மனைவியும் டெக்ஸாஸ் மாநிலத்தில், டல்லஸ் நகருக்கு வடக்கே இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். ஆகஸ்ட் வரை இருந்தோம். மூன்றாவது வாரம் ஒரு நாள் காலை, பக்கத்து வீட்டுக்காரர் தம் கார் ஷெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வணக்கம் சொல்லிவிட்டு எட்டிப் பார்த்தேன். பெட்டி நிறையப் புழுக்கள்! ஊதா, கறுப்பு, பச்சை, காப்பிக்கொட்டை நிறம். விரலால் தொட்டால் ஜெல்லி மாதிரி ஆடுகின்றன. அத்தனையும் பிளாஸ்டிக்.

நான் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவன். சிறுவயதில் வாய்க்கால் கரையைக் கிளறி மண்புழு எடுத்து, முள்ளில் கோத்துத் தூண்டில் போட்ட கை இது. ரயில்வேயில் சேர்ந்து கரக்பூருக்கு வந்த பிறகு, வங்காளி நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்துக்காரரிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு ரோகுவுக்கும் கட்லாவுக்கும் உட்கார்ந்ததும் உண்டு. அவர்கள் கடுகுப் புண்ணாக்கும் வாசனைச் சரக்குகளும் சேர்த்து உருட்டிக் குளத்தில் போட்டு, வாசனைக்கு மீன் வரட்டும் என்று காத்திருப்பார்கள். ஆனால் ருசியும் வாசனையும் உயிரும் இல்லாத ஒரு பிளாஸ்டிக் துண்டை நம்பி மீன் வருமா? அந்தச் சந்தேகத்தோடுதான் அவரோடு கிளம்பினேன்.

எந்த பாஸ்?

ரயில்வேக் குடும்பங்களில் 'பாஸ்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது வருஷ லீவில் ஊருக்குப் போகும் இலவசப் பயணச்சீட்டு. அடுத்தது மேலதிகாரி. நான் சொல்லும் பாஸ் இரண்டும் இல்லை. வட அமெரிக்காவின் நன்னீர் மீன். லார்ஜ்மௌத் பாஸ் என்பது முழுப்பெயர். பெருவாய் பாஸ் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். வாயை மூடியிருக்கும்போதே மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போய் நிற்கும். பச்சை கலந்த உடம்பு, விலாவில் நீளவாக்கில் ஒரு கருங்கோடு.

இதன் இனத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் மைக்ரோப்டீரஸ். 'சிறு துடுப்பு' என்று பொருள். உண்மையில் இதன் துடுப்பு ஒன்றும் சிறியதல்ல. 1802-ல் லாசெபேட் என்ற பிரெஞ்சு அறிஞர் கைக்குக் கிடைத்த மீனில் முதுகுத் துடுப்பின் ஒரு பகுதி சேதமாகித் தனியே நின்றது. அதைப் பார்த்து அவர் வைத்த பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஏறிய பெயரை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியாததா!

நம்மவர்களுக்குச் சட்டென்று புரிய வேண்டுமானால், குணத்தில் இது நம் ஊர் விரால் மாதிரி. விரால் எப்படிக் குளத்துப் பாசியிலும் தாமரைத் தண்டு மறைவிலும் அசையாமல் கிடந்து, பக்கத்தில் வரும் தவளையையும் பொடிமீனையும் பாய்ந்து பிடிக்குமோ, அப்படித்தான் பாஸும். துரத்திக்கொண்டு ஓடுவதைவிட ஒளிந்திருந்து தாக்குவது அதற்குப் பிடிக்கும். விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாக வைத்துக் காவல் காக்கும் அல்லவா? பாஸ் இனத்தில் அந்த வேலை ஆண் மீனுக்கு. வசந்த காலத்தில் தண்ணீர் 16, 18 டிகிரி சென்டிகிரேடு சூட்டுக்கு வந்ததும், ஆழம் குறைந்த இடத்தில் வாலால் தரையைத் துடைத்துக் குழி செய்யும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் அப்பா மீன்தான்.

இன்னொரு குணம் முக்கியம். பாஸ் இரையைக் கடித்து இழுப்பதில்லை. வாயைப் படாரென்று திறக்கும். தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் வெளியே துப்பிவிடும். மரத்தாலும் உலோகத்தாலும் செய்த பழைய பொய் இரைகளை அது சீக்கிரம் துப்பிவிடுவதற்குக் காரணம், அவை வாய்க்குள் கெட்டியாக இருப்பதுதான். மெத்தென்று இருப்பதை இன்னும் சற்று நேரம் வைத்திருக்கும். அந்தச் சற்று நேரத்தில்தான் பிளாஸ்டிக் புழுவின் மகிமை அடங்கியிருக்கிறது.

ஏக்ரன் நகரத்து மெஷினிஸ்ட்

இந்தப் புழுவைப் பிரபலமாக்கியவர் நிக் கிரீம். ஒஹாயோ மாநிலத்தில் ஏக்ரன் நகரத்துக்காரர். டயர் கம்பெனிகள் நிறைந்து, உலகத்தின் ரப்பர் தலைநகர் என்று பெயர் வாங்கிய ஊர் அது. கிரீம் தொழிலில் ஒரு மெஷினிஸ்ட். மீன் பிடிப்பதில் பைத்தியம். இயற்கையான புழு மாதிரியே மெத்தென்று இருக்கும் பொய்ப் புழு ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அவரும் அவர் மனைவி காஸ்மாவும் சேர்ந்து, வீட்டிலேயே அடுப்பில் வைத்துக் கிளறிப் பார்த்தார்கள். வினைல் பிசின், எண்ணெய், நிறப்பொடி. எந்த விகிதத்தில் சேர்த்தால் ரொம்பக் கெட்டியாகவும் இல்லாமல் ரொம்பக் குழைந்தும் போகாமல் வரும் என்பதே பிரச்சனை. நிஜ மண்புழுவை மாதிரியாக வைத்து அச்சு எடுத்தார்கள். 1949-ல் அவர்கள் புழு தயார்.

லேத்திலும் அச்சிலும் பழகிய ஒரு தொழிலாளியின் கையில் இந்தச் சாமான் பிறந்தது என்று கேட்டபோது, டிப்ளமோக்காரனான எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இல்லை. அடுப்பும் அச்சும் பொறுமையும்தான்.

செய்முறையைக் கேட்டால் நம் வீட்டுப் பெண்மணிகள் அல்வா கிளறுவதோடு ஒப்பிடுவார்கள். பி.வி.சி. தூளை, அதை இளக்கிக் கொடுக்கும் ஓர் எண்ணெயில் கலந்தால் பால் மாதிரி ஒரு திரவம் கிடைக்கும். அதைச் சூடாக்கினால் முதலில் கெட்டிப்படும். சுமார் 175 டிகிரி சென்டிகிரேடு வந்ததும் மறுபடி இளகித் தெளிந்துவிடும். அந்தப் பதத்தில் அலுமினிய அச்சில் ஊற்ற வேண்டும். ஆறினால் புழு. பதம் தாண்டிச் சூடேற்றினால் பழுப்பேறி, நெடியோடு விஷப்புகை வரும். நம் பழைய கோச்சுகளில் ஓடிய மின்கம்பிகளின் மேலுறையும் இதே பி.வி.சி. குடும்பம்தான். அங்கே கொஞ்சம் விறைப்பு, இங்கே இளக்கம். வித்தியாசம் சேர்க்கும் எண்ணெயின் அளவில்.

இந்த எண்ணெய்க்கு ஒரு விசேஷம் உண்டு. புழுவைச் சில வகைக் கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டு வைத்தால், எண்ணெய் கசிந்து டப்பாவையே இளக்கிவிடும். அதனால்தான் அனுபவஸ்தர்கள் புழுவை அது வந்த பையிலேயே வைத்திருக்கிறார்கள்.

நிறங்களின் பெயர்கள் தனி வேடிக்கை. வாட்டர்மெலன், கிரீன் பம்ப்கின் என்று கடையில் படித்தால் காய்கறிச் சந்தைக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். ஒரு நிறத்துக்குப் பெயர் 'மோட்டார் ஆயில்'. ஷெட்டில் எத்தனையோ தடவை என் சட்டையில் ஒட்டிய அதே நிறம்! பொதுவான கணக்கு இதுதான்: தண்ணீர் தெளிவாக இருந்தால் பச்சை, பழுப்பு போன்ற இயற்கை நிறங்கள். கலங்கலாக இருந்தால் கறுப்பு, ஊதா. கலங்கலில் அடர்ந்த நிழல்தான் மீன் கண்ணுக்கு எடுபடும்.

டெக்ஸாஸ் கட்டு

ஏக்ரனில் பிறந்த புழு புகழ் பெற்றது டெக்ஸாசில். அதற்கும் ஒரு காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டெக்ஸாசில் ஒன்றன் பின் ஒன்றாக அணைகள் கட்டினார்கள். பல இடங்களில் காட்டை முழுவதும் வெட்டாமலே தண்ணீரைத் தேக்கினார்கள். ஏரிக்குள் மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. ஒளிந்திருக்கும் மீனுக்கு அது சொர்க்கம். தூண்டில்காரனுக்கோ நரகம். எறிந்த முள் ஏதாவது ஒரு கட்டையில் மாட்டிக்கொள்ளும். கிரீமும் தம் தொழிலைக் கிழக்கு டெக்ஸாசில் டைலர் என்ற ஊருக்கு மாற்றிக்கொண்டார்.

அந்த வட்டாரத்து மீன்பிடிப்பாளர்கள் கண்டுபிடித்த உபாயத்துக்கு 'டெக்ஸாஸ் ரிக்' என்று பெயர். நான் டெக்ஸாஸ் கட்டு என்கிறேன். சாமான்கள் மூன்றே மூன்று. துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் நடுவே துளையுள்ள ஓர் எடை. கழுத்தருகே சற்று மடங்கிய ஒரு முள். ஆறேழு அங்குலப் புழு.

முதலில் நைலான் நரம்பை எடையின் கூர்ப்பக்கமாக நுழைத்து வெளியே எடுக்கிறோம். எடை நரம்பில் சும்மா வழுக்கிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு முள்ளைக் கட்டுகிறோம். முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் நேராகக் கால் அங்குலம் செலுத்தி, பக்கவாட்டில் வெளியே கொண்டுவருகிறோம். முள்ளின் காது தலைக்குள் புதையும் வரை இழுத்து, முள்ளை அரைச்சுற்றுத் திருப்புகிறோம். இப்போது நுனி புழுவின் உடம்பைப் பார்த்து நிற்கும். அது எந்த இடத்தில் படுகிறதோ அங்கே குத்தி உள்ளே மறைத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

நுனி வெளியே தெரியாததால் கட்டைகளுக்கும் பாசிக்கும் நடுவே புழு வழுக்கிக்கொண்டு போகும், மாட்டாது. மீன் வாயில் அகப்பட்டு நாம் சுண்டி இழுக்கும்போது, மெத்தென்ற பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு நுனி வெளியே வரும். பூட்டும் சாவியும் ஒரே சாமானில்! ஒரே நிபந்தனை, புழு ஊசி மாதிரி நேராகத் தொங்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் தண்ணீரில் பம்பரமாகச் சுற்றி நரம்பை முறுக்கிவிடும். அலைன்மென்ட் சரியில்லாத வண்டி தண்டவாளத்தைத் தின்கிற கதைதான்.

எடை முன்பு ஈயம். இப்போது டங்ஸ்டன் பரவலாகிவிட்டது. ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனின் அடர்த்தி 19.3. அதே எடைக்கு உருவம் சிறியது. கெட்டியும் அதிகம் என்பதால் அடியில் கல்லா, மணலா, கட்டையா என்று கைக்குத் தெளிவாகச் சொல்லும். நியூ ஹாம்ப்ஷயர் போன்ற சில மாநிலங்களில் சிறு ஈயக்குண்டுகளுக்குத் தடையே இருக்கிறது. நீர்ப்பறவைகள் அவற்றை விழுங்கி ஈய விஷத்தால் சாகின்றன என்பதால்.

கை சொல்லும் சேதி

இனி முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். நம் ஊர்த் தூண்டிலில் தக்கை உண்டு. தக்கை முங்கினால் மீன் கடிக்கிறது என்று கண் சொல்லிவிடும். டெக்ஸாஸ் கட்டில் தக்கை கிடையாது. புழுவை எறிந்துவிட்டு, அது அடிக்குப் போய்ச் சேரும் வரை சும்மா இருக்க வேண்டும். பிறகு தடியின் நுனியை மெதுவாக ஓர் அடி உயர்த்தி, புழுவை மறுபடி விழவிட வேண்டும். தளர்ந்த நரம்பைச் சுற்றிக்கொண்டு, இன்னொரு தடவை. இவ்வளவுதான் வேலை. பெரும்பாலும் மீன் புழுவை எடுப்பது அது விழும்போதுதான். அப்போது பெரிய இழுப்பு எதுவும் வராது. 'டக்' என்று ஒரு சிறு தட்டு. சில சமயம் அதுவும் இல்லாமல், நரம்பு தானாகப் பக்கவாட்டில் நகரும். சில சமயம் இருந்த பாரம் திடீரென்று இல்லாமல் போகும். இதையெல்லாம் நரம்பின் மேல் வைத்த ஆள்காட்டி விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

புதிதாகப் பழகுபவர்களுக்கு இது பிடிபட நாளாகும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு இரண்டு நாளில் பிடிபட்டது. அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. 38 ஆண்டு சர்வீஸில் பெரும்பகுதி கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் கழிந்தது. வண்டி வந்து நின்றதும் ஆக்ஸில் பாக்ஸைப் புறங்கையால் தொட்டுக்கொண்டே போவோம். வழக்கமான சூடா, சந்தேகப்பட வேண்டிய சூடா என்று கை சொல்லும். வண்டி உள்ளே நுழையும்போதே சக்கரத்தின் ஓசையில் ஒரு வித்தியாசம் காதுக்குக் கேட்கும். இப்போது அதற்கெல்லாம் கருவிகள் வந்துவிட்டன, நல்லதுதான். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கைக்கு இனி வேலையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, ஒரு மீன் வந்து 'இல்லை, இருக்கிறது' என்று சொன்ன மாதிரி இருந்தது.

பிளாஸ்டிக் புழுவைப் பற்றி நான் தெரிந்துகொண்ட ஒரே ரகசியம் இதுதான். அது தானாக ஒன்றும் செய்யாது. மற்றப் பொய் இரைகள் சுழலும், மின்னும், சலசலக்கும். வேகமாக இழுத்தால் போதும். இதற்கு வேகம் ஆகாது. எவ்வளவு மெதுவாகச் செய்கிறோமோ அவ்வளவு நல்லது. பரபரப்பான இளைஞர்களைவிட வயதானவர்களுக்கு ஏற்ற வித்தை.

மெதுவாகச் செய்வதில் வேறு ஒரு லாபமும் கிடைத்தது. மகள் வீட்டுக் குடியிருப்புக்குப் பின்னால் மழைநீர் தேக்கும் குளம் ஒன்று உண்டு. குடியிருப்பவர்கள் அங்கே மீன் பிடிக்கலாம். சனிக்கிழமை காலைகளில் மகள் காப்பியை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்காருவாள். வீட்டுக்குள் லேப்டாப்பைவிட்டு நிமிர நேரமில்லாதவள், கரையில் ஒன்றரை மணி நேரம் இருப்பாள். மே மாதம் ஒரு நாள், "அப்பா, ஆபீஸ்ல ஆள் குறைக்கப் போறாங்கப்பா. என் பேரும் லிஸ்ட்ல இருக்கும்னு நினைக்கிறேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். எச்1பி விசாக்காரர்களுக்கு வேலை போனால் 60 நாள்தான் அவகாசம் என்பது வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் அவள் இதைச் சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சொன்னாள். நானும் உபதேசம் எதுவும் செய்யவில்லை. "சரிம்மா, பார்த்துக்கலாம்" என்றேன். ஜூனில் வேலை போயிற்று. ஆறாவது வாரம் வேறு வேலை கிடைத்தது. அந்த ஆறு வாரமும் அவள் தினமும் காலையில் கரைக்கு வந்தாள்.

பிடித்ததை விடுவதா?

நான் பிடித்ததில் பெரியது இரண்டரைப் பவுண்டு. அதையும் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டேன். என் மனைவிக்கு இது பொறுக்கவில்லை. "ஏங்க, வெயில்ல நின்னு பிடிச்சுட்டு வெறுங்கையோட வர்றீங்களே! அதைக் குழம்பு வச்சா ஆகாதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

பிடித்ததை விடும் பழக்கம் அங்கே ஆதியிலிருந்து இருந்ததல்ல. உலக சாதனை பாஸ், 1932 ஜூன் 2-ம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் மாண்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளைஞர் பிடித்தது. எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்து கிலோவுக்குச் சற்று மேல். கஷ்ட காலம் அது. எடை போட்டுப் பதிந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சாப்பிட்டார்கள்! 2009 ஜூலை 2-ம் தேதி ஜப்பானில் பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் 22 பவுண்டு 5 அவுன்ஸ் மீன் பிடித்தார். பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூட வேண்டும் என்பது விதி. எனவே இருவரும் சமம் என்று அறிவித்தார்கள். அதே ஜப்பானில், வெளியிலிருந்து வந்த பாஸ் உள்ளூர் மீன்களை அழிக்கிறது என்று 2005 முதல் அதை உயிரோடு கொண்டுபோவதற்கும் வளர்ப்பதற்கும் சட்டத்தில் தடை. சொந்த ஊரில் செல்லப்பிள்ளை, போன இடத்தில் வேண்டாத விருந்தாளி!

1967-ல் ரே ஸ்காட் என்ற இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பாஸ் போட்டி ஒன்றை நடத்தினார். அது பெரிய விளையாட்டாக வளர்ந்தது. போட்டிக்குப் போட்டி இத்தனை மீன்களைக் கொன்றால் ஏரி காலியாகிவிடும் என்பதை உணர்ந்து, 1972 முதல் மீனை உயிரோடு கொண்டுவந்து எடை போட்டுவிட்டு ஏரியிலேயே விடும் முறையை அவர் பரப்பினார். படகுகளில் மீன் உயிரோடிருக்கத் தண்ணீர்த் தொட்டி வைப்பது வழக்கமானது.

டல்லஸுக்குக் கிழக்கே போர்க் ஏரி என்று ஒன்று இருக்கிறது. 1980-ல் அணை முடிந்தது. சுமார் 27,000 ஏக்கர். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை தம் சிறு படகில் என்னை அங்கே அழைத்துப்போனார். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீருக்கு மேலே பட்ட மரங்கள் நிற்கின்றன. அந்த ஏரியில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும். சிறியதை எடுத்துக்கொள்ளலாம். நடுத்தரம் வளர்ந்து பெரிதாகட்டும் என்ற ஏற்பாடு. டெக்ஸாஸ் மாநில சாதனையான 18.18 பவுண்டு பாஸ் 1992 ஜனவரியில் அங்கே பிடிபட்டதுதான்.

சைவ நண்பர் ஒருவர் நான் திரும்பி வந்ததும் கேட்டார்: "சாப்பிடறதுக்குப் பிடிச்சாலாவது அர்த்தம் உண்டு. விட்டுடறதுக்கா அந்த ஜீவனை முள்ளுல மாட்டணும்?" இதற்கு வாதம் செய்து ஜெயிக்கும் பதில் என்னிடம் இல்லை. மீனுக்கு அது துன்பம்தான். ஆனால் ஒரு விஷயம் சொல்லலாம். 1950-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. தூண்டில் சாமான்கள் மீது மத்திய அரசு வசூலிக்கும் வரி மீன்வளத்துக்காகவே மாநிலங்களுக்குப் போகிறது. ஒரு பை புழு வாங்கினாலும் அதில் ஒரு பங்கு குஞ்சு வளர்க்கவும் ஏரியைப் பராமரிக்கவும் செலவாகிறது. பிடிக்கிறவன்தான் ஏரிக்குக் காவல்காரனாகவும் இருக்கிறான். துன்பத்தைக் குறைக்கும் வழிகளும் உண்டு. தட்டு தெரிந்தவுடனே சுண்டினால் முள் உதட்டோடு நிற்கும். தாமதித்தால் தொண்டைக்குப் போய்விடும். மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை அதன் உடம்பிலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றையும் தாங்க வேண்டும். கழற்றி, உடனே தண்ணீரில்.

என் மனைவியின் கேள்விக்கும் பதில் கிடைத்தது. ஒருநாள் அளவு சரியாயிருந்த இரண்டு மீன்களை விதிப்படி கொண்டுவந்தோம். டெக்ஸாசில் பொது அளவு 14 அங்குலம். அதற்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும். நாள் ஒன்றுக்கு ஐந்து. புளியும் தேங்காயும் அரைத்துவிட்டு அவள் வைத்த குழம்பில் பாஸின் வெள்ளைச் சதை நன்றாகவே சேர்ந்தது. "விரால் மாதிரி வராது" என்பது அவள் தீர்ப்பு.

ஏரியில் தங்கும் பிளாஸ்டிக்

புழுவின் பெருமையை மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடக்கூடாது. நாலைந்து மீனுக்குப் பிறகு புழு கிழிந்துவிடும். கிழிந்ததைத் தண்ணீரில் எறிந்துவிட்டு அடுத்ததைக் கோக்கிறவர்கள் இருக்கிறார்கள். மண்புழு மக்கும், பி.வி.சி. மக்காது. அடியில் கிடந்து ஊறிப் பருத்ததை மீன் விழுங்கினால், வயிற்றில் தங்கிவிடும். மேய்ன் மாநிலத்தில் 2013-ல் மக்காத புழுக்களைத் தடை செய்ய ஒரு மசோதாவே வந்தது. தடை வரவில்லை, ஆராய்ச்சிக்கு விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு பழைய காப்பி டின் உண்டு. கிழிந்த புழு ஒன்றுகூட அவர் ஏரியில் விட்டதில்லை. எல்லாம் டின்னுக்குள். குளிர்காலத்தில் காற்றோட்டமான இடத்தில் வைத்து உருக்கி மறுபடி அச்சில் ஊற்றுவாராம். ஷெட்டில் ஸ்கிராப்பை எண்ணி ஒப்படைத்துப் பழகிய எனக்கு அந்த டின் ரொம்பப் பிடித்தது.

போகிறவர்களுக்கு

டெக்ஸாசில் மீன் பிடிக்க லைசென்ஸ் வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நாள் லைசென்ஸும் உண்டு. ஆனால் மாநிலப் பூங்காக்களுக்குள், கரையிலிருந்தோ துறையிலிருந்தோ பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. பூங்கா நுழைவுக் கட்டணம் மட்டும். டைலர் ஊரருகே உள்ள மாநிலப் பூங்காவில் 64 ஏக்கரில் அழகான ஏரி ஒன்று இருக்கிறது. டல்லஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு. பிள்ளைகளிடம் சொல்லி முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடக் கொண்டுவருவதாக இருந்தால், அந்த ஏரி மீனில் பாதரச எச்சரிக்கை உண்டா என்றும் பார்க்க வேண்டும். கிழக்கு டெக்ஸாசின் காட்டோ ஏரி போன்ற சிலவற்றில் உண்டு.

சாமான்களுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். நடுத்தரமான ஒரு தடி, சுற்றும் ரீல், ஒரு பை புழு, நாலைந்து முள், கால் அவுன்ஸ் எடை சில. கட்டுவதைப் பழகாதவர்கள், புழுவின் நடுவில் முள்ளைக் குத்தி எடையே இல்லாமல் விடலாம். இரண்டு முனையும் துடித்துக்கொண்டு மெல்ல இறங்கும். இதற்கென்றே கேரி யமமோட்டோ என்பவர் உருவாக்கிய 'சென்கோ' புழு இருக்கிறது. உப்பு நிறையச் சேர்த்திருப்பதால் தானாகவே அமிழும். கட்டைகள் இல்லாத திறந்த தண்ணீரில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

கோடையில் அதிகாலையும் அந்தியும்தான் நேரம். டெக்ஸாஸ் வெயில் நம் கரக்பூர் வெயிலுக்கு இளைத்ததல்ல. தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலும் அவசியம். புல்லுக்குள் பாம்பு இருக்கும், பார்த்துக் காலை வையுங்கள். பக்கத்தில் யாராவது தூண்டில் போட்டுக்கொண்டிருந்தால் ஒரு வணக்கம் சொல்லுங்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை. எந்த நிறப் புழு என்று கேட்டால் போதும், அவரே பேச ஆரம்பித்துவிடுவார். சனிக்கிழமையானால் பிள்ளைகளில் ஒருவரையும் கூட அழைத்துப்போங்கள். மீன் கடிக்காவிட்டாலும் அந்தக் காலைப் பொழுது வீணாகாது.